தொட்டியில் எவ்வளவு

கரீபியக் கடலிலுள்ள செயின்ட் கிராய் தீவில் ஒருவரிடம் எதை வேண்டுமானாலும் கேட்கலாம். மருத்துவர் என்ன சொன்னார், மகனை ஏன் வேலையிலிருந்து நிறுத்தினார்கள், இரண்டாவது கணவர் முதல் கணவரைவிடத் தேவலையா என்றெல்லாம் கடை வாசலில் நிறுத்தி வைத்துக் கேட்பார்கள், பதிலும் கிடைக்கும். ஆனால் உன் வீட்டுத் தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று மட்டும் எவரும் எவரையும் கேட்பதில்லை. தானாகச் சொல்பவரும் இல்லை. கூரையில் விழும் மழை குழாய் வழியாக இறங்கி வீட்டுக்கு அடியிலுள்ள தொட்டியில் சேர்கிறது. அதன் மேல்தான் சமைக்கிறார்கள், தூங்குகிறார்கள், சண்டை போட்டுக்கொள்கிறார்கள். தொட்டி நிறைந்திருந்தால் தரை ஊமையாக இருக்கும். வற்ற வற்றக் காலடி ஓசை அடியில் போய்த் திரும்பி வரும். விருந்துக்கு வந்தவர்கள் அந்த ஓசையைக் கேட்டதும் செருப்பைக் கழற்றிவிட்டு மெல்ல நடப்பார்கள். குடிக்கத் தண்ணீர் கொடுத்தால், இப்போதுதான் குடித்துவிட்டு வந்தேன் என்பார்கள். அங்கே மரியாதை என்பது அதுதான்.

யூலாலி இரண்டு வாரமாகத் தன் வீட்டுத் தரையின் ஓசையைக் கவனித்தபடியே நடந்துகொண்டிருந்தாள். தங்கை ஜெனீவும் அவள் கணவன் ஹார்லனும் அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்திலிருந்து வந்திருந்தார்கள். பதினெட்டு வயதில் தீவை விட்டுப் போன ஜெனீவ், இப்போது திரும்பி வந்து இங்கேயே இருந்துவிடலாமா என்று பார்க்க வந்திருந்தாள். அம்மா விட்டுப்போன வீடு இருவருக்கும் பொதுவானது. அதன் கூரை, புயல் காப்பீடு, வரி, மோட்டார், துருப்பிடிக்கும் கம்பிகள் எல்லாவற்றையும் ஒன்பது வருடமாக யூலாலி ஒருத்தியே தூக்கிச் சுமந்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் பகல் முழுவதும் நின்றுவிட்டு வரும் கால்களுக்கு, வீட்டில் இன்னொருவர் இருக்கிறார் என்ற எண்ணமே பாதி ஓய்வாக இருந்தது. "வந்துடலாம்னு தோணுதுக்கா" என்று ஜெனீவ் தொலைபேசியில் சொன்ன அன்று, யூலாலி அடுப்பில் வைத்ததைக் கருகவிட்டாள்.

ஆகவே அவர்கள் வந்த நாள் முதல் அவள் தீவை மலிவாக்கிக் காட்டினாள். பால் புட்டியிலும் முட்டைப் பெட்டியிலும் ஒட்டியிருந்த விலைச் சீட்டுகளை நகத்தால் சுரண்டி எடுத்தாள். குளிர்சாதனத்தை அவர்கள் அறையில் மட்டும் ஓடவிட்டு, தன் அறையில் சன்னலைத் திறந்து வைத்து, காற்றில்லாமல் புரண்டாள். அவர்கள் கடற்கரைக்குப் போயிருக்கும் நேரம் பார்த்து தண்ணீர் விற்கும் ஆல்ஃபோர்டின் சின்ன வண்டியை வரவழைத்தாள். ஒரு வண்டித் தண்ணீர் அவளுடைய இரண்டு நாள் கூலி. அதிலும் ஒரு பகுதி, போன புயலில் தொட்டிச் சுவரில் விழுந்த விரிசல் வழியாக மண்ணுக்குள் போய்விடும். அதைப் பூசக் கொத்தனார் கேட்ட தொகைக்கு ஒரு பழைய கார் வாங்கலாம்.

அன்று காலை ஆல்ஃபோர்ட் வண்டி இல்லாமல் நடந்து வந்தான்.

"குட் மார்னிங், மிஸ் யூலாலி."

"குட் மார்னிங். விடிஞ்சதுலேர்ந்து வாசலையே பாத்துட்டிருக்கேன். வண்டி எங்க?"

"கிணத்து மோட்டார் படுத்துடுச்சு. மேற்குப் பக்கம் பூரா வறண்டு கெடக்கு, ஒவ்வொருத்தரும் ஃபோன் மேல ஃபோன். வியாழக்கிழமைக்கு முன்னால என்னைக் கொன்னாலும் ஒரு சொட்டு வராது."

யூலாலி கதவுச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மிஸ் யூலாலி, உங்க மாப்பிள்ளை கடல்ல குளிச்சிட்டு வந்து வீட்டுல குளிக்கிறாரா, வீட்டுல குளிச்சிட்டுக் கடலுக்குப் போறாரா?"

"ரெண்டும்."

"நல்ல மனுஷன். ஜார்ஜியாவுல பெரிய ஆறு ஓடுதாமே, பெட்டியில மடிச்சு வச்சுக் கொண்டு வந்திருக்கலாம்." சிரித்தவன் குரலைத் தாழ்த்தினான். "அந்த விரிசல இவங்ககிட்ட ஒரு வார்த்தை…"

"ஆல்ஃபோர்ட்."

அவன் நிறுத்திக்கொண்டான். தண்ணீர் விற்பவனும் எவ்வளவு வேண்டும் என்று கேட்பானே தவிர, எவ்வளவு இருக்கிறது என்று கேட்கமாட்டான்.

"ராத்திரி சாப்பாட்டுக்கு வா" என்றாள் யூலாலி. "அவங்க நாளைக்குக் கெளம்புறாங்க."

மாலையில் ஹார்லன் வாடகைக் காரின் மேல் படிந்த உப்பைக் குழாய் பிடித்துக் கழுவினான். நல்ல மனிதன்தான், தேவாலயத்தில் பாடுபவன், கழுவும்போதும் பாடினான். சமையலறையில் சோளமாவுக் களியைக் கிளறிக்கொண்டிருந்த யூலாலிக்கு அந்தப் பாட்டு கேட்கவில்லை, நீர் ஓடும் ஓசைதான் கேட்டது. மோட்டார் ஒருமுறை இருமியது.

ஜெனீவ் வெண்டைக்காயை நறுக்கியபடி சொன்னாள்: "எங்க ஜார்ஜியா வீட்ட வாங்குறவன் இன்னிக்கு ராத்திரிக்குள்ள பதில் கேக்குறான்க்கா. ஒரு தடவை வித்துட்டா அவ்வளவுதான். இப்ப விக்கிற வெலைக்கு எங்களால அங்க மறுபடி ஒரு வீடு வாங்கவே முடியாது."

"அவ்வளவு கெடுபிடியா?"

"அங்க எல்லாமே அப்படித்தான். ஹார்லன் உக்காந்து கணக்குப் போட்டுட்டாரு. உனக்கு இங்க செலவே இல்லைங்கிறாரு. 'உங்கக்கா எப்படித்தான் சமாளிக்கிறாங்க, கத்துக்கணும்'னாரு." ஜெனீவ் கத்தியைக் கீழே வைத்தாள். "அக்கா, எல்லாம் நல்லாத்தானே போகுது?"

இந்த ஊரில் பிறந்த ஒருத்தி தொட்டியைப் பற்றிய கேள்வியை இதைவிட நெருக்கமாகக் கேட்க முடியாது. யூலாலிக்கு அது தெரியும். களி அடிப்பிடிக்கத் தொடங்கியிருந்தது.

"மழை வரும்" என்றாள்.

அது பதிலல்ல என்று ஜெனீவுக்கும் தெரிந்திருக்க வேண்டும். ஆனாலும் அவள் மறுபடி கத்தியை எடுத்துக்கொண்டாள்.

உப்பு மீனும் களியும் பரிமாறி நால்வரும் உட்கார்ந்தார்கள். ஆல்ஃபோர்ட் உள்ளே வந்ததும் தரை எழுப்பிய ஓசையைக் கேட்டு, யாரும் கவனிக்காத மாதிரி காலணியை வாசலிலேயே விட்டுவிட்டு வந்திருந்தான். தண்ணீர்க் கோப்பையைத் தொடவில்லை. ஹார்லன், சாப்பிடும் முன் நன்றி சொல்லிப் பாடலாமா என்று கேட்டு எழுந்து நின்றான். கனத்த, உருண்டையான குரல். அது அறையை நிறைத்து, தரைக்குள் இறங்கி, அடியிலிருந்து இன்னொரு குரலாகத் திரும்பி வந்தது. பாடி முடித்தபோது அவன் முகம் மலர்ந்திருந்தது.

"மிஸ் யூலாலி, கேட்டீங்களா? வந்த புதுசுல இந்த வீட்டுல என் குரல் சப்புனு இருந்துச்சு. நாளாக நாளாக, அடேயப்பா, எங்க தேவாலயத்துலகூட இப்படி எதிரொலிக்காது! வீடே எங்கூடச் சேர்ந்து பாடுது. எங்களை இருக்கச் சொல்லுது போல."

ஆல்ஃபோர்ட் மீனில் இல்லாத முள்ளைத் தேடினான்.

"களி நல்லா வந்திருக்கு" என்றான் கடைசியில்.

யூலாலி தங்கையைப் பார்த்தாள். ஜெனீவின் முகத்தில் எதுவும் மாறவில்லை. ஆனால் மேசைக்கு அடியில் ஒரு சிறு அசைவு. குனிந்து பார்க்காமலே யூலாலிக்குப் புரிந்தது: ஜெனீவ் ஒரு காலால் மற்றக் காலின் செருப்பைத் தள்ளி, ஓசைப்படாமல் கழற்றிக்கொண்டிருந்தாள். முதலில் இடது, பிறகு வலது. முப்பது வருடம் குழாயைத் திருகினால் தண்ணீர் வரும் ஊரில் வாழ்ந்தும் அவள் காதுக்கு மறக்கவில்லை.

"அப்ப சொல்லிடவா?" ஹார்லன் தொலைபேசியை எடுத்தான். "வித்துடறோம்னு அனுப்பிடறேன். சரிதானே, கண்ணு?"

ஜெனீவ் அக்காவைப் பார்க்காமல், "உங்க இஷ்டம்" என்றாள்.

அவள் கேட்கமாட்டாள் என்பது யூலாலிக்குத் தெளிவாயிற்று. அக்காவைத் தலைகுனிய வைக்கக் கூடாது என்பதற்காக, தெரிந்தே, வாயை மூடிக்கொண்டு தன் வீட்டை விற்றுவிட்டு வருவாள். வந்த பிறகும் ஒரு வார்த்தை சொல்லமாட்டாள். இரண்டு பேரும் வெறுங்காலோடு, மெதுவாக, ஒருவரையொருவர் கேட்காமல் இந்தத் தரையில் நடந்து கிழவிகளாவார்கள். எத்தனை வருட ஆசை அது. இப்போது அதைப் பார்க்கையில் அவளுக்கு ஒரே அசதியாக இருந்தது. முதுகிலிருந்து வரும் அசதி அல்ல, வேறு எங்கிருந்தோ வருவது.

"ஹார்லன், அத கீழ வைங்க."

அவள் எழுந்து சமையலறை மூலைக்குப் போனாள். தரையில் பதிந்திருந்த தொட்டி மூடியின் வளையத்தைப் பிடித்து இழுத்தாள். ஆல்ஃபோர்ட் பாதி எழுந்து, "மிஸ் யூலாலி, வேணாம்" என்றான். மூடி கரகரத்துத் திறந்தது. சுவரில் சாய்த்திருந்த நீண்ட மூங்கில் கழியை உள்ளே விட்டாள். அது கீழே போய்க்கொண்டே இருந்தது. அடியில் சிமென்டை முட்டிய சத்தம் மேசைவரை கேட்டது. கழியை இழுத்து, சொட்டச் சொட்டக் கொண்டு வந்து, தட்டுகளுக்கு நடுவில் வைத்தாள். அதன் நுனியில் ஒரு சாண் மட்டும் ஈரமாக இருந்தது.

"எங்க வீட்டுத் தொட்டியில இவ்வளவுதான் இருக்கு" என்றாள் உரக்க. "இதுவும் மழையா மேலேர்ந்து வந்ததில்ல, இவன்கிட்ட காசு கொடுத்து வாங்கினது. நீங்க கடலுக்குப் போறப்பல்லாம் வாங்கினேன். தொட்டியில விரிசல் இருக்கு. அத அடைக்க எங்கிட்ட வழியில்ல."

"அக்கா, விடுக்கா" என்றாள் ஜெனீவ், வேறெங்கோ பார்த்து. "போதும்."

"போதாது." யூலாலி நாற்காலியை இழுத்துத் தங்கைக்கு எதிரே உட்கார்ந்தாள். "செருப்பைப் போடு. போட்டுக்கிட்டு என்னைக் கேளு. பால் என்ன வெலைன்னு கேளு. கரண்டுக்கு எவ்வளவு கட்டுறேன்னு கேளு. ஒண்ணொண்ணா கேளு, ஜெனீவ். சொல்றேன்."