மூலைவிட்டத்துக்கு வெளியே இரண்டு புள்ளிகள்

செந்தமிழன் இறந்து ஐந்து மாதம் கழித்து, அவனுடைய ஹார்டு டிஸ்க் தேவயானியின் கைக்கு வந்தது. இருவரும் சென்னையில் ஒரே வேதியியல் ஆய்வகத்தில் பிஎச்.டி. செய்தவர்கள். "பாதியில விட்டுட்டுப் போனதுல ஏதாவது தேறுமான்னு பாரும்மா" என்று பேராசிரியர் கொடுத்திருந்தார்.

பொங்கல் விடுமுறைக்குச் சொந்த ஊரான உத்திரமேரூர் வந்தவள், மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு அதைத் திறந்தாள்.

அவன் ஆராய்ந்தது ஒரு மருந்து மூலக்கூறு. கரைசலில் அது இரண்டு உருவங்களுக்கிடையே ஓயாமல் மாறிக்கொண்டிருக்கிறது என்று அவன் சொன்னான். அதற்குச் சாட்சியாக, மூலக்கூறின் அமைப்பைக் காட்டும் என்.எம்.ஆர். கருவியில் எடுத்த இருபரிமாண வரைபடத்தைக் காட்டினான். மாறாத அணுக்கள் மூலைவிட்டத்திலேயே நிற்கும். அளக்கும்போதே உருவம் மாறியவை வெளியே தெரியும். அப்படி வெளியே, மங்கலாக இரண்டு புள்ளிகள் இருந்தன.

"இது வெறும் கருவியோட இரைச்சல்" என்று ஆய்வகக் கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொன்னவள் தேவயானி. பேராசிரியரும் தலையாட்டினார். அடுத்த மாதமே அவன் ஆய்வை விட்டுவிட்டு ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் சேர்ந்தான். ஷிப்ட் முடிந்து பைக்கில் வரும்போது லாரி மோதியது.

ஒவ்வொரு அளவீட்டோடும் அவன் ஒரு குறிப்பு எழுதி வைத்திருந்தான். அந்தக் கூட்டத்துக்கு மறுநாள்: "தேவயானி சொல்வது சரியாக இருக்கலாம். குளிரவைத்துப் பார்க்கிறேன்." அடுத்தது: "குளிரில் புள்ளிகள் மறைந்துவிட்டன. இரைச்சல் என்றால் அப்படியே இருந்திருக்கும். அவளிடம் காட்ட வேண்டும்."

அவன் வந்தது அவளுக்கு நினைவிருந்தது. லேப்டாப்பை நெஞ்சோடு அணைத்தபடி நின்றான். "நாளைக்குப் பாக்கலாமே" என்றாள். பிறகு அவளும் கேட்கவில்லை.

கடைசிக் கோப்பில் "சூடாக்கி எடுத்தது" என்று மட்டும் இருந்தது. அதை அவன்கூட வரைபடமாக்கிப் பார்க்கவில்லை. அவள் மென்பொருளில் ஓடவிட்டாள். வெளியே நல்ல வெயில், பக்கத்து அறையில் டிவி சத்தம். திரையில் அந்த இரண்டு புள்ளிகளும் பெரிதாக, அழுத்தமாக எழுந்து வந்தன. நாற்காலிக்குப் பின்னால் யாரோ மூச்சு விடுவதுபோல் இருந்தது. திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

மறுநாள் செந்தமிழனின் ஊரான பெருநகர் கிராமத்துக்கு பஸ் ஏறினாள். அவன் அம்மா செங்கேணி நடவு முடிந்து சேற்றுக்காலோடு வந்தாள்.

"நீதான் தேவயானியா? உன் பேரைச் சொல்லிக்கினே இருப்பான். இன்னாம்மா இவ்ளோ தூரம்?"

"அவர் கண்டுபுடிச்சது சரிம்மா. தப்புன்னு சொன்னது நான்தான்."

செங்கேணி கால் கழுவிவிட்டு வந்தாள். "இன்னாத்தக் கண்டுபுடிச்சான்?"

"ஒரு மருந்து வேற உருவமா மாறிட்டு, மறுபடி பழைய உருவத்துக்கே திரும்பி வருதுன்னு."

"திரும்பி வருதா?" என்றாள் செங்கேணி. தேவயானியால் நிமிர முடியவில்லை.

"எங்கிட்ட வந்து இன்னாத்துக்குச் சொல்ற? தப்புன்னு எங்க சொன்னியோ, அங்க போய்ச் சொல்லு."

அடுத்த வாரக் கூட்டத்தில் சொன்னாள். முதலில் எடுத்தது, குளிர்ந்தது, சூடானது என்று மூன்று வரைபடங்களையும் போட்டுக் காட்டி, தன் தவற்றையும் மறைக்காமல் சொன்னாள். பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றி வெகுநேரம் துடைத்தார். "அவன் பேரை முதல்ல போட்டு எழுது" என்றார்.

எல்லாரும் கலைந்த பிறகு, அந்த வாரம்தான் சேர்ந்திருந்த புது மாணவி ரேணுகா அருகில் வந்தாள்.

"அக்கா, செந்தமிழன் சார் இப்ப எங்க இருக்காரு? ஒரு டவுட் கேக்கணும். நம்பர் கெடைக்குமா?"

தேவயானி செல்போனை எடுத்துவிட்டாள். அவன் நம்பர் இன்னும் அதில் இருந்தது. போனைக் கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.