வால் தேய்ந்த குஞ்சுகள்

வலையை உதறினேன். சேறு, அழுகிய இலை, யாரோ விட்டெறிந்த ஒற்றைச் செருப்பு. குஞ்சு ஒன்றுகூட இல்லை.

அழிந்துகொண்டிருக்கும் கூன்முதுகு மீனின் குஞ்சுகள் இந்த ஆற்றுக்கழியில் இருக்கின்றனவா என்று பார்ப்பதுதான் என் வேலை. ஆற்றின் வேகம் எட்டாத இந்தத் தண்ணீரில்தான் அவை முதல் கோடையைக் கழிக்கும். அடுத்த வாரமும் அகப்படாவிட்டால் கழியை மண் கொட்டி மூடி, லாரி நிறுத்தும் இடமாக்கிவிடுவார்களாம். மேலதிகாரி டீயை உறிஞ்சிக்கொண்டே சொன்னார். அந்த டீயை அவர் தலையில் கொட்டாமல் வந்தேன். அவர் செய்த புண்ணியம்.

நேராக அண்ணன் வீட்டுக்குப் போனேன். அண்ணன் அரசு மீன் பண்ணையில் தொட்டி பார்ப்பவன். அங்கே இதே மீனைச் சிமெண்ட் தொட்டிகளில் வளர்க்கிறார்கள். சாப்பிட உட்கார்ந்தவள், தட்டில் கை வைத்தபடியே அழுதுவிட்டேன்.

"ச்சீ, மீனுக்கா இப்படி ஒப்பாரி வைக்கிற? அப்பா செத்தப்பகூட நீ இப்படி அழுவலையேடி."

"அப்பா ஒருத்தர்தான் போனார். இது வம்சமே போகுதுண்ணே."

அண்ணி சிரித்துவிட்டாள். அண்ணன் சிரிக்கவில்லை.

அடுத்த வாரம் வலை கனத்தது. தூக்கிப் பார்த்தால் உள்ளே கூன்முதுகுக் குஞ்சுகள், துள்ளிக்கொண்டு! இடுப்பளவு சேற்றில் நின்று பைத்தியம்போல் கத்தினேன். முதல் போன் அண்ணனுக்குத்தான்.

"அண்ணே, இருக்குண்ணே! கொத்துக்கொத்தா இருக்கு!"

"பாத்தியா? இதுக்குப் போய் அப்படி அழுத. கண்ணத் தொடச்சிக்க."

பேசிக்கொண்டே ஒன்றை எடுத்து அளவுத் தட்டில் வைத்தேன். வால் ஓரம் தேய்ந்து வெளுத்திருந்தது. இன்னொன்றை எடுத்தேன். அதற்கும் அப்படியே. சிமெண்டில் உரசி உரசி வளர்ந்த மீனுக்குத்தான் இப்படி வால் தேயும்.

"நீ கொண்டாந்து விட்டியாண்ணே?"



"உனக்காகத்தான்டி. கழிய மூடிட்டா நீ தாங்கமாட்டே."

"எந்தத் தொட்டி?"

"ஓரத் தொட்டி. எப்படியும் அழிக்கச் சொல்லிட்டாங்க."

"ஏன் அழிக்கணும்?"

"செவுள்ல ஏதோ வெள்ளைப் புள்ளி நோயாம். மேலுக்கு நல்லாத்தான் இருந்துச்சு. கொல்ல மனசு வரல."

பாவி! வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசாமல் ஓடிவந்தான். அன்று முழுவதும் இருவரும் வலையை இழுத்து இழுத்து, அகப்பட்டதையெல்லாம் வெளியே எடுத்தோம். அண்ணன் கையெல்லாம் கயிறு அறுத்து ரத்தம். நிறுத்தச் சொன்னால் கேட்கவில்லை.

ஆனால் புள்ளி எங்களை முந்திக்கொண்டது. சில நாட்களில் செத்த குஞ்சுகள் வெள்ளை வயிறு தெரிய மிதக்க ஆரம்பித்தன. நாங்கள் கூடையால் அள்ளினோம். எல்லாம் தேய்ந்த வால்தான். பண்ணை மீனோடு போகட்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

கழியின் கோடியில் ஒரு மரம் தண்ணீருக்குள் சாய்ந்து கிடக்கும். அதன் வேர்களுக்குள் வலை போகாது. அந்தப் பக்கமிருந்தும் குஞ்சுகள் மிதந்து வந்தன. அண்ணன் ஒன்றை எடுத்து என்னிடம் நீட்டினான்.

"இதுவும் நம்ம பண்ணையோடதுதானே? சொல்லுடி."

வாலை விரித்துப் பார்த்தேன். புதுத்தாள் ஓரம்போல் கூராக, முழுசாக இருந்தது. சிமெண்டையே பார்க்காத வால். கழியின் சொந்தக் குஞ்சுகள் இவ்வளவு நாளும் இங்கேதான், எங்கள் வலைக்கு எட்டாத இடத்தில், இருந்திருக்கின்றன.

குஞ்சை அவனிடமே திருப்பி நீட்டினேன். அண்ணனே வாலைப் பார்த்தான். அவன் முகம் செத்துப்போனது.

"வால் முழுசா இருக்கேடி," என்றான்.

அவனை ஓங்கி அறைய வேண்டும் போலிருந்தது. கட்டிக்கொண்டு அழவேண்டும் போலவும் இருந்தது. இரண்டையும் செய்யவில்லை. முழு வால் உள்ளவற்றைப் பொறுக்கித் தனி வாளியில் போட்டேன். மேலதிகாரி கேட்ட ஆதாரம் பாதி வாளி தேறியது.