பத்தாவது சொல்

யூத மதகுருவான ராபை மறுபடியும் முதலிலிருந்து எண்ண ஆரம்பித்தார். ஆட்களை ஒன்று, இரண்டு என்று எண்ண மாட்டார்கள். பத்துச் சொல் கொண்ட ஒரு வேத வசனத்தை ஆளுக்கொரு சொல்லாக முணுமுணுப்பார்கள். இந்த முறையும் ஒன்பதாவது சொல்லோடு ஆள் தீர்ந்துவிட்டது. பத்து யூத ஆண்கள் இல்லாமல் இறந்துபோன உமாபதிக்குக் கதீஷ் என்ற பிரார்த்தனையைச் சொல்ல முடியாது.

ரமா தம்பியின் சவப்பெட்டியைப் பார்த்தாள். வெறும் பைன் பலகை. அந்தச் சின்ன ஜெபக்கூடத்தில் தினமும் காலையில் பத்தாவது ஆளாக நின்றவனே அவன்தான்.

ஏழு வருஷத்துக்கு முன் பக்கத்து வீட்டு யூதப் பெரியவர் இறந்தபோதும் ஓர் ஆள் குறைந்தது. 'நான் நிற்கிறேன்' என்று போனவனை, நீ சேர்த்தியில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். ஊரில் மேடையேறிக் கடவுளை வைத நாத்திகனுக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. "சண்டை போடத்தான்க்கா அவங்க வேதத்தைப் படிச்சேன். நம்பிக்கை வந்து தொலைச்சிடுச்சு" என்றான் பிறகு, யூதனாக மதம் மாறியபோது.

"போதும் ரமா" என்றார் அண்ணன் ரவிசங்கர். "அவனுக்குன்னு பத்து பேர் தேறல. கொண்டுபோய் நம்ம வழக்கப்படி எரிச்சிடலாம்."

"அவன் வழக்கம் இதுதாண்ணா."

கல்லறைத் தோட்டத்து வாசலில் ஒரு கார் உறுமிக்கொண்டு நின்றது. உள்ளே மோரிஸ். உமாபதியோடு கணிதத் துறையில் வேலை பார்த்தவர். பிறப்பால் யூதர், பிரார்த்தனை என்றாலே வாசலோடு நின்றுவிடுகிறவர். ரமா புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பனியில் நடந்து போய்க் கண்ணாடியைத் தட்டினாள்.

"எனக்கு நம்பிக்கை கிடையாது, உனக்கே தெரியும்" என்றார் அவர் ஆங்கிலத்தில்.

"எனக்கும்தான் கிடையாது. ஆனா என்னைச் சேர்த்துக்க மாட்டாங்க. உங்களைச் சேர்த்துப்பாங்க."

"அது நியாயமா?"

"இல்ல. இறங்குங்க."

அவளுக்கு அழுகையும் ஆத்திரமும் ஒன்றாக வந்தன. கார்க் கதவை அவளே திறந்து பிடித்துக்கொண்டு நின்றாள். அவர் முனகியபடி எஞ்சினை அணைத்தார்.

குழியருகே வந்தபின்தான் மோரிஸ் தலையைத் தடவிப் பார்த்தார். தொப்பி இல்லை. தலையை மூடாமல் அந்தப் பிரார்த்தனையில் நிற்கக் கூடாது. ரவிசங்கர் தன் கம்பளித் தொப்பியைக் கழற்றி, எங்கோ பார்த்தபடி நீட்டினார்.

ராபை வசனத்தை மீண்டும் சொன்னார். பத்தாவது சொல் மோரிஸிடம் வந்து நின்றது. சற்றுத் தள்ளி, ரவிசங்கரின் வழுக்கையில் பனி விழுந்துகொண்டிருந்தது.