கயிற்றுப் பைகளுக்குப் பத்துக்குப் பத்து

1.

இந்தக் கதை ஒரு விளம்பரத் தாளில் பிறந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பாறைக்கும் சுழலுக்கும் நடுவே ரப்பர் படகு விடும் கம்பெனி ஒன்று, தன் பாதுகாப்புச் சாதனங்களைப் பற்றி நான்கு வரி எழுதித் தரச் சொன்னது. ஒரே நிபந்தனை: 'மூழ்குதல்' என்ற சொல் வரக் கூடாது. எழுதிக் கொடுத்தேன். எழுதாமல் விட்டதுதான் இந்தக் கதை.

முதல் தொடக்கம்: "காலைக் கதிரவன் நுரையின் மீது பொன் தூவ..." வேண்டாம். கதிரவனுக்கு இதில் ஒரு வேலையும் இல்லை.

இரண்டாவது: "ஆறு என்பது ஒரு..." ஆறு என்பது ஆறுதான். மேலே போவோம்.

2.

கயிற்றுக்காரரின் வேலை, சுழலுக்குக் கீழே பாறையில் நிற்பது. யாராவது விழுந்தால் கயிற்றின் ஒரு நுனியைப் பிடித்துக்கொண்டு பையை வீச வேண்டும். அதற்குக் கயிற்றைப் பிடிபிடியாகப் பைக்குள் திணித்து வைக்க வேண்டும். பார்க்க அலங்கோலமாக இருக்கும்; வீசினால் தடையில்லாமல் நீளும். அழகாகச் சுற்றி வைத்தாலோ பாதி வழியில் சிக்கிக்கொள்ளும்.

கம்பெனி முதலாளி இவர் மனைவியின் அண்ணன். அன்று 'சிறந்த பாதுகாப்பு' விருதுக்காக ஓர் அதிகாரி பார்வையிட வருகிறார்.

"என்ன மாப்ள இது, காக்கா கூடு மாதிரி?" முதலாளி பைகளைக் கவிழ்த்து, எட்டுக் கயிற்றையும் வளையம் வளையமாகச் சுற்றி, சிவப்பு ரிப்பன் கட்டி உள்ளே வைத்தார்.

"இப்படிச் சுத்தினா வீசுறப்ப சிக்கும் மச்சான்."

"இன்னைக்கு யாரு விழப்போறா? போட்டோ எடுக்கிற வரைக்கும் கை வைக்காதீங்க."

கயிற்றுக்காரர் கோபத்தோடு ஒரு ரிப்பன் முடிச்சில் கை வைத்தார். "எங்கண்ணன் போட்டுக் குடுத்த வேலை, வாயக் குடுத்துக் கெடுத்துக்காதீங்க" என்று காலையில்தான் மனைவி சொல்லி அனுப்பியிருந்தாள். கையை எடுத்துக்கொண்டார்.

(இங்கே அவரைப் பேச வைத்திருக்கலாம். ஆனால் மச்சானிடம் வேலை பார்ப்பவர்கள் எனக்குக் கடிதம் எழுதிச் சிரிப்பார்கள்.)

3.

அதிகாரியின் படிவத்தில் 'தோற்றம்' என்று ஒரு கட்டம் இருந்தது. 'வீசிப் பார்த்தல்' என்று கட்டம் இல்லை. ஆகவே யாரும் வீசிப் பார்க்கவில்லை.

"பிரமாதம்! பிரிக்கவே மனசு வராது" என்று ரிப்பனைத் தடவினார் அதிகாரி. பத்துக்குப் பத்து.

பூரித்துப்போன முதலாளி, "ஒரு ரவுண்டு போய்ப் பாக்கலாம் சார்" என்று அவரைப் படகில் ஏற்றித் தானும் ஏறினார். சட்டையிலிருந்த கம்பெனிச் சின்னம் போட்டோவில் தெரிய வேண்டுமே. லைஃப் ஜாக்கெட்டின் கொக்கிகளை மாட்டாமல் விட்டார்.

கயிற்றுக்காரர் பாறையில் ஏறி நின்றார். ரிப்பன் கலையாமல் படம் எடுக்க, முதலாளி வரவழைத்த போட்டோக்காரர் பக்கத்திலேயே நின்றார்.

4.

படகு சுழலில் துள்ளியது. முதலாளி விழுந்தார். லைஃப் ஜாக்கெட் பத்திரமாக மிதந்து போனது. மச்சான்தான் அதற்குள் இல்லை.

முடிவு அ: கயிறு போய்ச் சேர்கிறது. கரையேறிய மச்சான் தண்ணீரைத் துப்பிவிட்டு, "பாத்தீங்களா சார், எங்க சேஃப்டி!" என்கிறார். பிறகு மாப்பிள்ளையைத் தனியே இழுத்து, "ரிப்பன யாரு அவுக்கச் சொன்னா?"

முடிவு ஆ: கயிறு பத்தடியில் சிக்கி, உருண்டையாக விழுகிறது. அன்று மாலை கயிற்றுக்காரர் வீட்டுக்குப் போய்த் தன் மனைவியிடம்...

இந்த வாக்கியத்தை மூன்று நாளாக என்னால் முடிக்க முடியவில்லை.

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். படகு வந்து சேர்வதற்குள் அவர் போட்டோக்காரரைத் தள்ளிவிட்டு, ரிப்பனை அறுத்து, கயிற்றைக் கொட்டிப் பிடிபிடியாகத் திணிப்பதாக ஒரு நீளமான பத்தி எழுதியிருந்தேன். கதையின் அழகு கெடுகிறதென்று நானே அடித்துவிட்டேன். எனக்கும் பத்துக்குப் பத்து வேண்டியிருந்தது.

அதைத் திரும்பச் சேர்ப்பதா வேண்டாமா என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும். ஆற அமர யோசிக்காதீர்கள். மச்சானுக்கு நீச்சல் தெரியாது.