நேற்றைக் காட்டும் தகடு

லகாட் ஊரில் ஜைனுலாப்தீன் கடையில், தேநீர் கலக்கும் இடத்துக்குப் பின்னால் சுவரை அடைத்து நிற்கும் எவர்சில்வர் தகடு, எதிரே இருப்பவரை ஒரு நாள் கழித்துத்தான் காட்டும். இன்று பத்து மணிக்குப் பார்த்தால் நேற்று பத்து மணிக்கு அங்கே உட்கார்ந்திருந்தவர் தெரிவார். மூடிப்போன ரப்பர் தோட்டமொன்றிலிருந்து வாங்கி வந்த தகடு அது. வாங்கின புதிதில் எண்ணெய்ப் பிசுக்கைத் தவிர வேறெதையும் காட்டவில்லை. மங்களம் வேலைக்குச் சேர்ந்து, தகட்டின் வரியோட்டம் பார்த்து, மேலிருந்து கீழாக ஒரே வாக்கில் துடைக்க ஆரம்பித்த பிறகுதான் நேற்று தெரிய ஆரம்பித்தது. வாடிக்கையாளர்கள் கொஞ்ச நாள் வாயைப் பிளந்தார்கள். அப்புறம் ரொட்டி சானாய் விலை ஏறியது, பேச்சு அதற்கு மாறிவிட்டது.

மங்களத்துக்கு அந்தத் தகடு பெரிய உபகாரம். அவள் புருஷன் பழனியப்பனுக்கு இனிப்புநீர் வியாதி. ஒரு நாள் விட்டு ஒரு நாள், பத்து மணிக்கு அவள் பின்கட்டில் அடுப்புப் பக்கம் தேய்க்கப் போகும் நேரம் பார்த்து அவர் முன்வாசல் வழியே நுழைவார். கெட்டிப்பால் தாராளமாக ஊற்றி ஆற்றிய தே தாரிக் தேநீரைக் குடித்துவிட்டு, நல்ல பிள்ளையாக வீட்டுக்குப் போய்விடுவார். மறுநாள் அதே நேரத்துக்கு அவள் துணியோடு தகட்டின் முன் நிற்பாள். சாயங்காலம் வீட்டில் விசாரணை நடக்கும். "அந்தத் தகடு பொய் சொல்லுதுலா" என்பார் பழனியப்பன், சிரிக்காமல்.

போன வருஷம் மகள் புஷ்பலதாவின் பிரசவத்துக்காக மங்களம் ஆயர் தாவார் போனாள். கிளம்பும்போது நல்ல சண்டை. "நான் இல்லன்னு சீனியா குடிச்சுச் சாவாதீங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பஸ் ஏறினாள். அவள் திரும்ப வேண்டிய நாளுக்கு முந்தின சாயங்காலம், பழனியப்பன் நாற்காலியில் உட்கார்ந்தபடியே போய்ச் சேர்ந்தார். விடியும்போது வந்து இறங்கிய மங்களம் அழவில்லை. கிளம்பும்போது சொன்ன அந்தச் சொல்லையே நினைத்துக்கொண்டிருந்தாள். பத்து மணிக்குத் தகட்டைப் பார்க்க வேண்டும் என்றாள். பொணம் கூடத்துல கெடக்க இவ தேத்தண்ணிக் கடைக்குப் போறாளாம் என்று சொந்தக்காரர்கள் அவள் காதில் விழும்படியே பேசினார்கள்.

கடையில் வேறொரு சங்கடம். முதலாளியின் மகன் ஷாஃபி, முந்தின நாள் மத்தியானம், அக்கா வருமுன் பளபளவென்று ஆக்கிவிடலாம் என்று நல்லெண்ணத்தில் கம்பி நாரை எடுத்துத் தகட்டை வட்டம் வட்டமாகத் தேய்த்து வைத்திருந்தான். தகடு முழுக்கப் புகை மூடியதுபோல் ஆகிவிட்டது. விடிகாலைத் தொழுகை முடிந்து வந்த ஜைனுலாப்தீனுக்கு மகனைத் திட்டக்கூட நேரமில்லை. சட்டையைக் கழற்றிப் போட்டார். சமையல் சோடாவைக் குழைத்து, மங்களம் செய்வதுபோலவே வரியோட்டம் பார்த்து, மேலிருந்து கீழாகத் தேய்த்தார். பிறகு வினிகர், கடைசியில் துணியில் ஒரு சொட்டுத் தேங்காயெண்ணெய். அதுவரை அந்தக் கடையில் அவர் ஒரு துணியைத் தொட்டதில்லை. ரொட்டி கேட்டு வந்தவர்களை அடுத்த கடைக்கு அனுப்பினார்.

"தெரியுமோ என்னமோ, தங்கச்சி. ஒன் கை இல்லயே, என் கையாச்சே" என்றார், மங்களம் வந்து நின்றதும்.

தெரிந்தது. இஸ்திரி போட்ட, பூ அச்சடித்த பாத்தேக் சட்டையில் பழனியப்பன் வந்து உட்கார்ந்தார். வழக்கம்போலப் பின்கட்டைத் திருட்டுத்தனமாகப் பார்க்கவில்லை. நேராகத் தகட்டையே பார்த்தார். கையிலிருந்த தம்ளரை உயர்த்திக் காட்டினார். பாலில்லாமல் கறுப்பாக இருந்தது. ஒரு வாய் குடித்ததும் முகம் வேப்பெண்ணெய் குடித்ததுபோல் கோணிற்று. அதே கோணலோடு சிரித்தார். முழுவதையும் குடித்து, தம்ளரைக் கவிழ்த்துக் காட்டி, ஒரு கும்பிடு போட்டார்.

"தே ஓ கோசோங், தங்கச்சி. பாலும் இல்ல, சீனியும் இல்ல. நாளைக்கு வந்து என் பொண்டாட்டி பாக்கணும்ண்ணே, அப்பிடின்னு அவரே கேட்டு வாங்குனாரு" என்றார் ஜைனுலாப்தீன்.

மங்களம் அப்போதுதான் அழுதாள், சத்தம் போட்டு, மனசாற. முதலாளியின் விரல்கள் தேய்த்துத் தேய்த்துச் சிவந்திருந்ததைப் பார்த்து, "ஒங்களுக்கு என்னண்ணே கைம்மாறு செய்வேன்" என்றாள். பிறகு வீட்டுக்குப் போய்ப் புருஷனை நல்லபடியாக அனுப்பிவைத்தாள்.

மறுநாள் பத்து மணிக்குத் தகட்டில் மங்களம் அழுதாள். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள். அதற்கடுத்த நாள், அவர்கள் எழுந்து நிற்பது தெரிந்தது.

கருமாதி முடிந்து அவள் வேலைக்குத் திரும்பிவிட்டாள். தினமும் பத்து மணிக்கு ஒரு தே ஓ கோசோங் கலந்து, தகட்டைப் பார்த்து உயர்த்திவிட்டுக் குடிக்கிறாள். உள்ளேயிருந்து நேற்றைய மங்களமும் உயர்த்துகிறாள். குடிக்கும்போது மட்டும் இரண்டு பேருக்கும் முகம் கோணித்தான் போகிறது.