இப்போது எழுதுவதில்லை

மெல்ரோயின் சட்டைக் கழுத்துப் பொத்தான் துளைக்குள் போக மறுத்தது. சவப்பெட்டியின் மேல் குனிந்து பிறிஜெற் இரண்டாம் தரம் முயன்றுகொண்டிருந்தபோது மகன் பற்றிக் பின்னால் வந்து நின்றான்.

"மம்மி, வெள்ளவத்தையில இருந்து ஒரு மிஸ் வந்திருக்காங்க. டடியோட கவிதை விஷயமாம்."

பிறிஜெற்றின் விரல்கள் பொத்தானிலேயே நின்றுவிட்டன.

துறைமுகக் களஞ்சியமொன்றில் முப்பது வருஷம் கிளார்க்காக இருந்தவர் மெல்ரோய். ஓய்வு பெற்ற பிறகு கொட்டாஞ்சேனை, கொச்சிக்கடை என்று கால் போன பக்கமெல்லாம் நடப்பார். நின்ற இடத்தில் பஸ் டிக்கெட்டின் பின்பக்கம் மூன்று வரி எழுதுவார்.

கொச்சிக்கடை பஸ் தரிப்பிடம்.
மழைக்கு ஒதுங்கிய கூட்டத்தின் முன்னால்
குடை விற்பவன் மட்டும் நனைகிறான்.

இப்படியானவை பிறிஜெற்றுக்குப் பிடிக்கும், சொல்லமாட்டாள். மூன்று வருஷத்துக்கு முன் கோயில் திருவிழா மேடையில் அவர் வேறொன்றை வாசித்தார்.

துறைமுகத்தில் கப்பல் ஊதுகிறது.
என் மனைவியின் குறட்டை
பதில் சொல்கிறது.

மண்டபமே சிரித்தது. மறுநாள் மீன்கடைக்காரி, "பிறிஜெற் அக்கா, ராத்திரி கப்பல் வந்துதா?" என்று கேட்டாள். அந்தக் கேள்வி ஒரு வருஷம் ஓயவில்லை. "அன்பில எழுதினது, பிறிஜெற்," என்று அவர் எத்தனையோ தரம் சொல்லிப் பார்த்தார். அவள் மனம் இரங்கவில்லை.

இந்த ஜனவரியில் வெள்ளவத்தைக் கவிதை வட்டமொன்றுக்கு அவர் பன்னிரண்டு கவிதைகளைத் தபாலில் அனுப்பினார். பிடித்திருந்தால் வாசிக்கக் கூப்பிடுவார்களாம். அவர்களிடமிருந்து ஃபோன் வந்தபோது அவர் குளித்துக்கொண்டிருந்தார். ஃபோனை எடுத்தவள் பிறிஜெற்.

"அவர் இப்ப எழுதுறதில்ல. இனி எடுத்துக் கரைச்சல் குடுக்காதீங்க."

அந்த நம்பரையும் அழித்தாள். அதன் பிறகு இரண்டு மாதம், "ஃபோன் வந்துதா?" என்று அவர் தினமும் கேட்டார். "இல்ல," என்று அவளும் தினமும் சொன்னாள். ஒரு நாள் கேட்பதை நிறுத்திவிட்டார். போன வியாழக்கிழமை காலை, நடக்கப் போவதற்குச் சப்பாத்துப் போட்டுக்கொண்டிருந்தவர் கதிரையிலேயே சாய்ந்தார்.

வந்திருந்த பெண் சுபோதினி, ஆசிரியை. பிறிஜெற்றின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"பேப்பரில மரண அறிவித்தல் பாத்துத்தான் வந்தனான் அக்கா. அவரின்ர கவிதையள் எங்கட புத்தகத்தில வந்திருக்கு. உயிரோட இருக்கேக்க குடுக்கக் கிடைக்கேல்ல."

மெல்லிய புத்தகம். பற்றிக் வாங்கி விரித்தான். ஒரு முழுப் பக்கம் தகப்பனுடையது. பெயருக்குக் கீழே சிறிய எழுத்தில் ஒரு வரி. அவன் நெற்றி சுருங்கியது.

"'இப்போது எழுதுவதில்லை' எண்டு போட்டிருக்கே மிஸ்? வியாழக்கிழமை காலையிலயும் எழுதினாரே. டிக்கெட் சட்டைப் பையில இருந்திச்சே."

"ஃபோன் எடுத்தனாங்கள். ஒரு அம்மா அப்பிடித்தான் சொன்னவா," என்றாள் சுபோதினி. "வாசிக்கக் கூப்பிடத்தான் எடுத்தது. அவவின்ர பேச்சோட நாங்களும் விட்டிட்டம்."

பற்றிக் தாயைப் பார்த்தான். அந்த வீட்டில் வேறு பெண் கிடையாது.

"அத அவரோடயே வச்சிரு மகன்," என்றாள் பிறிஜெற் அவசரமாக. புத்தகத்தை அவன் கையிலிருந்து எடுத்து மெல்ரோயின் கைகளுக்கடியில் செருகினாள். சுற்றியிருந்த பெண்கள் விம்மினார்கள். "என்ன பாசம் பாருங்க," என்றது ஒரு குரல். பிறிஜெற்றுக்குக் காது மடல்கள் எரிந்தன.

"இன்னும் இருக்கு அக்கா," என்ற சுபோதினி, பையைத் திறந்து கதிரை கதிரையாகக் கொடுக்கத் தொடங்கினாள்.

மீன்கடைக்காரியும் ஒன்றை வாங்கினாள். விரலை வரிக்கு வரி வைத்து வாசித்தவள் பெயருக்குக் கீழே வந்து நின்றாள். "ஐயோ பாவம், எழுதுறத விட்டுட்டாரா மனுஷன்?"

மலர்ச்சாலை ஆள் சவப்பெட்டி மூடியோடு வந்து, "நோனா, வெலாவ ஹரி," என்றான். நேரமாகிவிட்டது. ஃபாதரும் வந்துவிட்டார்.

பிறிஜெற் வாசலுக்குப் போனாள். வந்தவர்கள் கையொப்பமிடும் புத்தகத்தோடு பேனையை நூலால் கட்டியிருந்தார்கள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். முதல் கதிரையில் இருந்தவரிடம் கை நீட்டினாள்.

"அத ஒருக்கா தாங்க. ஒரு பிழை இருக்கு."

"ஆரு விட்ட பிழை?"

"நான்," என்றாள். சத்தம் வரவில்லை. தொண்டையைச் செருமி மறுபடி சொன்னாள். "நான்தான். ஃபோன்ல பொய் சொன்னது நான்தான்."

முற்றத்தில் இருந்தவர்களெல்லாம் அவள் பக்கம் திரும்பினார்கள். சுபோதினி கையிலிருந்த மீதிப் புத்தகங்களை மார்போடு அணைத்தபடி நின்றாள். பற்றிக் தாயைப் பார்க்காமல் பந்தல் காலைப் பார்த்தான்.

வழுவழுப்பான தாளில் மை பிடிக்கவில்லை. பிறிஜெற் புத்தகத்தை முழங்காலில் வைத்து, பெயருக்குக் கீழிருந்த அந்த வரியைப் பேனையால் அழுத்தி வெட்டினாள். தாள் கிழியும் அளவுக்கு. பிறகு அடுத்த கதிரைக்கு நகர்ந்தாள். மலர்ச்சாலை ஆள் மூடியைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு, கைகளைக் கட்டிக்கொண்டு காத்திருந்தான்.