எல்லாரும் அட்மின்

மலையிலிருந்து இறங்கி வந்த டீச்சரம்மா செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் லாட்ஜில் தான் எடுத்திருந்த ஏழாம் நம்பர் அறைக் கதவைத் திறந்தபோது, அவருடைய கட்டிலில் முன்பின் தெரியாத மூன்று பெண்கள் நிம்மதியாகத் தூங்கிக்கொண்டிருந்தார்கள். டீச்சரம்மாவின் பைகளைக் காணவில்லை. கூட வந்த கணவர் போட்ட சத்தம் நல்லதண்ணி பஸ் ஸ்டாண்ட் வரைக்கும் கேட்டிருக்கும். அந்த நேரம் பார்த்து விளக்குமாறோடு அந்தப் பக்கம் வந்தவர், அறை துடைக்கும் பேச்சியம்மாக்கா. வேறு ஆள் இல்லாததால் சத்தம் முழுவதும் அவர் தலையில் இறங்கியது. பைகளை எங்கே வைத்தாய், யாரிடம் கொடுத்தாய் என்று அந்த மனிதர் சிங்களத்தில் கேட்கக் கேட்க, அக்கா விளக்குமாற்றைக் கீழே வைத்துவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

நான் ஓடிப் போய்க் கம்ப்யூட்டரைப் பார்த்தேன். ஏழாம் நம்பர் 'காலி' என்று மாற்றப்பட்டிருந்தது. மாற்றியவர்: அட்மின். இதைவிட உதவாத பதில் உலகத்தில் கிடையாது. எங்கள் லாட்ஜில் எல்லாரும் அட்மின். நான் அட்மின், சமையல் அழகன் அண்ணன் அட்மின், பேச்சியம்மாக்கா அட்மின், முதலாளி இம்தியாஸ் நானாவும் அட்மின். ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்ட். அதையும் யாரும் மறந்துவிடக் கூடாதென்று நானா கலண்டர் ஓரத்தில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்திருந்தார். ஆளுக்கொரு பெயர் போடலாம் என்று வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து சொல்லி வருகிறேன். "ஒரே வீட்டு ஆக்கள் மாதிரி ஈக்கிறம். அதுக்குள்ள என்னத்துக்கு, கிருஷாந்தி, வேற வேற சாவி?" என்று சிரித்துவிடுவார்.

மாற்றியது யாரென்று எனக்குத் தெரியாமல் இல்லை. மலைக்கு யாத்திரை வரும் சீசனில் எங்கள் அறைகளுக்கு ஒரு விசித்திரம் உண்டு. ஆட்கள் அறையை எடுத்து, பையை வைத்துவிட்டு, ராத்திரியே மலை ஏறப் போய்விடுவார்கள். விடிந்த பிறகு கால் நடுங்க இறங்கி வந்துதான் கட்டிலைத் தேடுவார்கள். அதுவரைக்கும் விரிப்புக் கலையாத கட்டில்கள் சும்மா கிடக்கும். வாசல் படியில் ஒரு வயதான மனுஷி முழங்காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்க, உள்ளே கட்டில் சும்மா கிடப்பதை நானாவால் தாங்கவே முடியாது. நல்ல மனுஷன். அந்த நல்ல மனசுதான் எங்களுக்கு வினை.

பால் வாங்கிக்கொண்டு வந்த நானா, பைகள் தன் அறையில் பத்திரமாக இருப்பதாகச் சொல்லி மன்னிப்புக் கேட்டார். பிளேன்டீ குடித்த பிறகு டீச்சரம்மா சமாதானமானார். பேச்சியம்மாக்கா ஆகவில்லை.

"என்னையத் திருடின்னு அந்தாளு வாயால சொல்லல தாயி. ஆனா என் முந்தானையப் பாத்தாரு பாரு, அது போதும். நாளையிலருந்து நான் வரல" என்று சொல்லிவிட்டு, தேயிலைக்கு நடுவே தன் லயத்து வீட்டுக்குப் போகும் பாதையில் இறங்கிவிட்டார்.

வந்த கோபத்தில் கலண்டரைக் கிழித்துப் போட்டேன். பிறகு உட்கார்ந்து, இத்தனை நாள் தள்ளிப்போட்ட வேலையைச் செய்தேன். ஆளுக்கொரு பெயர், ஆளுக்கொரு பாஸ்வேர்ட். அழகன் அண்ணன் சாப்பாட்டு ஆர்டரை மட்டும் தொடலாம். பேச்சியம்மாக்கா அறை துடைத்ததை மட்டும் குறிக்கலாம். அறையைக் கொடுப்பதும் எடுப்பதும் என் பொறுப்பு. நானா எல்லாவற்றையும் பார்க்கலாம், எதையும் மாற்ற முடியாது. இந்தக் கடைசி விஷயத்தில் விரல் தயங்கத்தான் செய்தது. என்னைக் கம்ப்யூட்டர் வகுப்புக்கு ஹட்டனுக்கு அனுப்பியவரே அவர்தான். அவருடைய லாட்ஜிலேயே அவர் கையைக் கட்டுகிறேன்.

கூப்பிட்டுக் காட்டினேன். நானா கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏழாம் நம்பரை அழுத்தினார். அது அசையவில்லை. மறுபடியும் அழுத்தினார்.

"அப்ப நான் ஆரு புள்ள?"

"முதலாளி, நானா."

"மொதலாளிக்குப் பாக்க மட்டுந்தானா?"

"பேச்சியம்மாக்கா திரும்பி வரணுமா, வேணாமா?"

தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார். "நடக்க ஏலாத ஆக்கள் வந்தா?" என்றார்.

"எனக்கு ஃபோன் போடுங்க. அறை இருந்தா குடுக்கிறேன்."

"இல்லாட்டி?"

அவருடைய புதுப் பாஸ்வேர்டை ஒரு துண்டில் எழுதி நீட்டினேன்.

சாயந்தரம் இரண்டு பேருமாக லயத்துக்குப் போனோம். நானா வாசலில் நின்று, "என்ட பிழதான் தங்கச்சி" என்றார். அக்கா முகம் கொடுக்கவில்லை. நான் ஃபோனில் லாட்ஜின் புதுப் பெயர்ப் பட்டியலைத் திறந்து நீட்டினேன். "இனிமே நீங்க செஞ்சது மட்டுந்தான் உங்க பேர்ல நிக்கும்க்கா. அடுத்தவங்க செஞ்சது உங்க தலையில விழாது."

அக்கா ஃபோனைத் தூரத்தில் பிடித்துத் தன் பெயரை எழுத்துக் கூட்டிப் படித்தார். "இனிஷியல் போடலையே" என்றார். போட்டுக் கொடுத்தேன். மறுநாள் வேலைக்கு வந்தார்.

அடுத்த பௌர்ணமிப் போயாவுக்கு ஊர் கொள்ளாத சனம். நான் வீட்டுக்குப் போன பிறகு நானா ஃபோன் போட்டார். ஒரு தாயும் மகளும் வந்திருக்கிறார்களாம், தாய்க்குக் கால் வீங்கிக் கிடக்கிறதாம். எல்லா அறைக்கும் ஆள் இருந்தது. "இல்ல நானா" என்றேன். "சரி புள்ள" என்று வைத்துவிட்டார். ஒரு வார்த்தை மன்றாடியிருந்தால்கூட எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். சரியாகத் தூங்கவில்லை.

விடிந்ததும் போனேன். ஆபீஸ் பெஞ்சில் நானா கம்பளியைப் போர்த்திக்கொண்டு சுருண்டு கிடந்தார். பின்னால் அவர் படுக்கும் சின்ன அறையின் கதவு சாத்தியிருந்தது. வாசலில் சேறு படிந்த இரண்டு சோடிப் பெண்கள் செருப்பு. அந்த அறை எங்கள் சிஸ்டத்தில் இல்லை. அதை ஓர் அறையாக யாரும் நினைத்ததே இல்லை.

கம்ப்யூட்டரைப் போட்டுப் புதிதாக ஓர் அறையைச் சேர்த்தேன். அதை யார் கொடுக்கலாம் என்று கேட்ட இடத்தில் என் பெயரை எடுத்துவிட்டு, இம்தியாஸ் என்று மட்டும் போட்டேன்.

வாளியோடு வந்த பேச்சியம்மாக்கா செருப்புகளைப் பார்த்தார், பெஞ்சைப் பார்த்தார். வாளியைச் சத்தமில்லாமல் கீழே வைத்தார். கம்பளிக்கு வெளியே நானாவின் பாதங்கள் நீட்டிக்கொண்டிருந்தன, ஒன்றில்தான் காலுறை இருந்தது. அக்கா குனிந்து, கம்பளியை இழுத்து இரண்டையும் மூடினார்.